ஹவாய் ஆட்டின் வயிற்றில் இருந்த ரகசியம்

ஆடாதொடை என்ற பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஆடு தொடாத இலை! முள்ளையும் விடாமல், வேலியையும் விடாமல், சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டரைக்கூட உரித்துத் தின்கிற ஆடு, இந்த ஒரு செடியிடம் மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. செடிக்குப் பெயர் வைத்தவர் நிச்சயம் ஆடு மேய்த்தவராகத்தான் இருக்க வேண்டும்!

ஏன் தொடுவதில்லை? செடிகளுக்குக் கால் இல்லை, ஓட முடியாது. அதனால் உட்கார்ந்த இடத்திலேயே விஷம் தயாரிக்கக் கற்றுக்கொண்டன. புல்லின் தற்காப்பு எளிமையானது. நாரையும் மணல் போன்ற சிலிக்காவையும் உடம்பில் சேர்த்துக்கொண்டு, 'மென்று பார், பல் தேயட்டும்' என்கிறது. புதரும் மரமும் இன்னும் தந்திரமானவை. துவர்ப்பு, கசப்பு, விதவிதமான நச்சுப்பொருட்கள் என்று இலைக்குள் ஒரு மருந்துக் கடையே வைத்திருக்கின்றன. குனிந்து புல் மேய்கிற மாட்டைவிட, அண்ணாந்து தழை கடிக்கிற ஆட்டுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

சரி, ஒரு மிருகம் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று தீர்மானிப்பது யார்? பல்லா? நாக்கா? மூளையா? இவற்றுக்கெல்லாம் பங்கு உண்டு. ஆனால், கடைசித் தீர்ப்பு வேறு இடத்தில் எழுதப்படுகிறது. வயிற்றுக்குள் வாடகை தராமல் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள்தான் அந்த நீதிபதிகள். அந்தத் தீர்ப்பை மனிதன் படித்துப் புரிந்துகொண்ட கதை ஒன்று உண்டு. கதையில் மெக்ஸிகோ மரம் ஒன்று, ஆஸ்திரேலிய மாடுகள், ஹவாய் ஆடுகள், பிடிவாதக்கார விஞ்ஞானி ஒருவர் என்று எல்லோரும் வருகிறார்கள்.

அதற்கு முன்னால், மாட்டின் வயிற்றுக்குள் ஒரு நடை போய்விட்டு வந்துவிடலாம்.

உண்மையைச் சொன்னால், புல்லைச் செரிக்க மாட்டுக்குத் தெரியாது! புல்லில் இருக்கும் செல்லுலோஸை உடைக்கிற சரக்கு எதுவும் அதன் உடம்பில் சுரப்பதில்லை. மாடு செய்வதெல்லாம் ஒன்றுதான். புல்லைக் கடித்து 'ரூமன்' எனப்படும் பெருவயிற்றுக்குள் தள்ளிவிடுகிறது. நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் அண்டா அது. காற்று நுழையாது. உள்ளே ஏறக்குறைய 39 டிகிரி சூடு. அதிலிருந்து ஒரு மில்லி எடுத்தால், ஆயிரம் கோடிக்குக் குறையாத பாக்டீரியாக்கள் இருக்கும். புல்லை உடைத்துப் புளிக்கவைப்பது அவைதான். அப்போது வெளிவரும் அமிலங்கள்தான் மாட்டுக்குச் சாப்பாடு. வேலை செய்து முடித்த பாக்டீரியாக்களும் மெல்ல அடுத்த அறைக்கு நகர்ந்து, அங்கே மாட்டுக்கே புரதமாகிவிடுகின்றன. முதலாளி தொழிலாளிக்குச் சோறு போடுகிறார், பிறகு தொழிலாளியையே சாப்பிட்டுவிடுகிறார். கொடூரமான கம்பெனிதான். ஆனால், பல லட்சம் வருடங்களாக நஷ்டமில்லாமல் ஓடுகிறது!

இந்தக் கூட்டத்தை மனிதன் முதலில் எட்டிப் பார்த்தது 1843-ல். பிரான்ஸ் நாட்டில் க்ரூபி, டெலாஃபோன் என்ற இருவர் மாட்டு வயிற்றுச் சாற்றை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். ஏகப்பட்ட குட்டி ஜீவன்கள் நீந்திக்கொண்டிருந்தன. பார்க்க முடிந்ததே தவிர, பிடித்து வளர்க்க முடியவில்லை. காரணம், பிராணவாயு பட்டாலே செத்துப்போகிற ஜாதி அவை. அமெரிக்காவைச் சேர்ந்த ராபர்ட் ஹங்கேட் (இவர் முதலில் கரையான் வயிற்றை ஆராய்ந்துகொண்டிருந்தவர்!) 1940-களில் காற்றே இல்லாத குழாய்களுக்குள் அவற்றை வளர்க்க ஒரு முறை கண்டுபிடித்தார். 1966-ல் அவர் எழுதிய புத்தகம்தான் இந்தத் துறையின் பாலபாடம்.

ஹங்கேட் வழியில் போனவர்கள் கண்டுகொண்ட ஒரு முக்கியமான விஷயம்: வயிற்றில் யார் குடியிருப்பது என்பதைச் சாப்பாடுதான் முடிவு செய்கிறது. வைக்கோல் போட்டால் நாரைத் தின்கிற கூட்டம் பெருகும். தானியம் போட்டால் மாவுச்சத்தைத் தின்கிற கூட்டம் பெருகும். இந்த மாற்றம் நிதானமாக நடந்தால் பிரச்னை இல்லை. திடீரென்று நடந்தால் ஆபத்து.

நம்மூர் கால்நடை டாக்டர்களைக் கேட்டுப் பாருங்கள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அவர்களுக்கு ஓயாத வேலை. வருடம் முழுக்க வைக்கோலும் புல்லும் தின்ற மாட்டுக்கு, அன்று ஒரு நாள் அன்பு மிகுதியால் சர்க்கரைப் பொங்கலை வாளி வாளியாக ஊட்டுகிறோம். உள்ளே இருக்கும் ஒரு ரக பாக்டீரியா அந்த மாவுச்சத்தையும் வெல்லத்தையும் கண்டு வெறி பிடித்தாற்போலப் பெருகி, லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது. நார் தின்னும் கூட்டம் அந்த அமிலத்தில் மடிகிறது. அசைபோடுவது நின்று, மாடு படுத்துவிடுகிறது. சில மாடுகள் எழுந்திருப்பதே இல்லை. கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோற்றைக் கொட்டினாலும் இதே கதைதான். விஷம் வைத்துக் கொல்லவில்லை... விருந்து வைத்துக் கொல்கிறோம்.

இப்போது மரத்துக்கு வருவோம்.

சவுண்டல் மரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சூபாபுல் என்றும் சொல்வார்கள். புளிய இலை மாதிரி பொடி இலை, வெள்ளைப் பந்து போன்ற பூ, தட்டையான காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். இதன் பூர்வீகம் மெக்ஸிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே இதன் பெயர் 'குவாஹே'. வாஹாகா என்ற மெக்ஸிகோ நகரத்துக்குப் பெயரே இந்த மரத்திலிருந்துதான் வந்தது. காயை இன்றும் அங்கே மனிதர்களே உரித்துத் தின்கிறார்கள்.

மெக்ஸிகோவிலிருந்து மணிலாவுக்குப் போன ஸ்பெயின் கப்பல்களில் இந்த மரத்தின் விதை பிலிப்பைன்ஸுக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து இந்தோனேஷியா. காபித் தோட்டங்களில் நிழலுக்கு நட்டார்கள். 19-ம் நூற்றாண்டில் ஹவாய். பிறகு வெப்ப நாடுகள் எங்கும். வெட்ட வெட்டத் துளிர்க்கும், வறட்சி தாங்கும், உலர்ந்த இலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். 1977-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் இந்த ஒரு மரத்துக்காகத் தனி அறிக்கையே வெளியிட்டது. 'அதிசய மரம்' என்று பட்டம் கட்டினார்கள். ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ப்ரூபேக்கர் உயரமான ரகங்களை உருவாக்கித் தந்தார். அவை 1970-களில் இந்தியாவுக்கும் வந்தன.

ஆனால், அதிசய மரத்தின் இலையில் ஒரு வில்லன் ஒளிந்திருந்தான். பெயர் மிமோசின். இது முடி வளர்ச்சியை நிறுத்திவிடும். சவுண்டல் தின்ற குதிரைகளுக்குப் பிடரி மயிரும் வாலும் உதிர்ந்து மொட்டையாவதை 19-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே கரீபியன் தீவுகளில் கவனித்திருக்கிறார்கள். பிற்பாடு ஆஸ்திரேலியாவில், 'கத்தரிக்கோலே வேண்டாம், செம்மறி ஆட்டுக்கு மிமோசின் கொடுத்தே கம்பளியை உதிர்த்துவிடலாமே' என்றுகூட யோசித்துப் பரிசோதனை செய்து பார்த்தார்கள்!

அந்த ஆஸ்திரேலியாவில்தான் பிரச்னை பெரிதாக வெடித்தது. வடக்கே வெயில் காயும் மேய்ச்சல் நிலங்களில் நல்ல புரதத்துக்குப் பஞ்சம். அதனால் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்கிற அரசு ஆராய்ச்சி நிறுவனம் சவுண்டலை ஊக்குவித்தது. 1976-ல் 'கன்னிங்ஹாம்' என்று ஒரு புதிய ரகத்தையே வெளியிட்டது. மாடுகள் ஆசையாகத் தின்றன. முதலில் எடை ஏறியது. பிறகு நின்றது. பிறகு இறங்கியது. வாயில் எச்சில் ஒழுகியது. வால் குஞ்சத்தில் முடி கொட்டியது. கழுத்தில் தைராய்டு வீங்கியது.

அறுத்து ஆராய்ந்தவர்களுக்கு ஒரு விசித்திரம் புரிந்தது. மாட்டின் ரூமனுக்குள் மிமோசின் உடைந்துபோகிறது. நல்ல விஷயம்தானே? இல்லை! உடைந்து 'டி.எச்.பி.' என்ற வேறொரு பொருளாகிறது. அதுதான் தைராய்டைத் தாக்குகிறது. அதாவது, மாட்டின் வயிற்றுக் கூட்டத்துக்கு விஷத்தைப் பாதி வழி வரைக்கும் உடைக்கத்தான் தெரிந்திருந்தது. மீதி வழி தெரியவில்லை. பாதிக் கிணறு தாண்டிய கதை.

விவசாயியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நிலத்தைத் திருத்தி, வரிசை வரிசையாக மரம் நட்டு, வருடக்கணக்கில் காத்திருந்து வளர்த்தாயிற்று. கண் முன்னால் பச்சைப்பசேலென்று தீவனம். ஆனால், மாடு வயிறு நிறையத் தின்றால் நோய். சவுண்டல் தழை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று நம்மூரிலும் சொல்லி வந்ததற்குக் காரணம் இந்தப் பயம்தான்.

இந்த இடத்தில் கதாநாயகன் நுழைகிறார். ரேமண்ட் ஜோன்ஸ். சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் மேய்ச்சல் நில விஞ்ஞானி. வடகிழக்கு ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ்வில் நகரத்தை மையமாக வைத்து வேலை பார்த்தவர். அவரை ஒரு சாதாரணக் கேள்வி தூங்கவிடவில்லை.

'இதே மரத்தை ஹவாயில் ஆடுமாடுகள் காலம் காலமாகத் தின்கின்றனவே... அவற்றுக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆவதில்லை?'

சுலபமான பதில்கள் நிறைய இருந்தன. ஹவாய் மரம் வேறு ரகமாக இருக்கலாம், மண் வேறாக இருக்கலாம், ஹவாய் ஆட்டின் ஜாதி வேறாக இருக்கலாம்... ஜோன்ஸின் சந்தேகம் வேறு பக்கம் போயிற்று. மரம் ஒன்றுதான், மிருகமும் ஒன்றுதான், உள்ளே குடியிருக்கும் ஆள்தான் வேறோ?

ஹவாய்க்குப் போனார். ஆடுகளுக்குச் சவுண்டல் தழையையே தீவனமாகக் கொடுத்தார். சிறுநீரைச் சோதித்தார். ஆஸ்திரேலிய ஆடுகளின் சிறுநீரில் கொட்டிக்கிடக்கும் டி.எச்.பி., இங்கே பேருக்குத்தான் இருந்தது. அடுத்து, ஆட்டின் வயிற்றுச் சாற்றை எடுத்துக் குழாயில் ஊற்றி டி.எச்.பி.யைக் கலந்து பார்த்தார். மாயமாக மறைந்துவிட்டது! ஆஸ்திரேலிய வயிற்றுச் சாறு அதைத் தொடக்கூட இல்லை. 1981-ல் இதை ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார் ஜோன்ஸ். ஹவாய் ஆட்டின் வயிற்றில் யாரோ ஒருவருக்கு மீதிக் கிணறு தாண்டும் வித்தை தெரிந்திருக்கிறது.

இதில் ஒரு சரித்திரப் பாடம் இருக்கிறது, கவனித்தீர்களா? விதை கப்பலேறும். பையில் போட்டுக்கொண்டு போனால் கடல் கடந்தும் முளைக்கும். ஆனால், அந்த இலையைத் தின்னத் தெரிந்த பாக்டீரியா விதைக்குள் இல்லை. அது பயணம் செய்ய வேண்டுமென்றால் ஒரு மிருகத்தின் வயிறு வேண்டும். காற்றுப் பட்டால் செத்துப்போகும். ஐரோப்பியர்கள் ஆஸ்திரேலியாவுக்கு மாட்டைக் கொண்டுபோனது ஒரு வழி, சவுண்டல் போய்ச் சேர்ந்தது இன்னொரு வழி. இரண்டுக்கும் முன்பின் அறிமுகம் இல்லை. மரம் மட்டும் குடியேறியது. மரத்தோடு கூட வந்திருக்க வேண்டிய சொந்தக்காரன் ஊரிலேயே நின்றுவிட்டான்.

அப்படியென்றால், அந்தச் சொந்தக்காரனை அழைத்துவந்துவிட்டால்?

வெளிநாட்டு மிருகங்களையும் கிருமிகளையும் உள்ளே விடுவதில் ஆஸ்திரேலியா மிகக் கறாரான நாடு. 1980-களின் முதல் பாதியில், இந்தோனேஷிய ஆட்டின் வயிற்றுச் சாற்றைக் கொடுத்தபின் ஆஸ்திரேலிய ஆடுகளுக்கு டி.எச்.பி.யை உடைக்கும் சக்தி வந்ததை ஜோன்ஸும் சக விஞ்ஞானி லோரியும் காட்டினார்கள். பிறகு ஹவாய் ஆட்டிலிருந்து வளர்த்தெடுத்த பாக்டீரியாக் கலவையை ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுவந்து, ஜோன்ஸும் மெகாரிட்டியும் மாடுகளின் வயிற்றில் செலுத்தினார்கள். சிறுநீரிலிருந்து டி.எச்.பி. காணாமல் போயிற்று. அதைவிட ஆச்சரியம், மருந்து குடிக்காத மாடுகளுக்கும் அந்த வித்தை வந்துவிட்டது! ஒரே நிலத்தில் மேய்ந்ததில் ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றியிருந்தது. தொற்றுநோய் கேள்விப்பட்டிருக்கிறோம். இது தொற்று ஆரோக்கியம்! 1986-ல் இந்த வெற்றி கட்டுரையாக வெளிவந்தது. பிற்பாடு க்வீன்ஸ்லாந்து மாநிலத்தில் இந்தப் பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து, விவசாயிகளுக்கு விற்கவே ஆரம்பித்தார்கள். மந்தையில் பத்தில் ஒரு மாட்டுக்குக் கொடுத்தால் போதும் என்பது கணக்கு. மீதியை மாடுகளே பார்த்துக்கொள்ளும்.

அந்த மர்ம ஆசாமி யார்? அமெரிக்காவில் மில்டன் ஆலிசன் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் அவனைத் தனியே பிரித்துப் பிடித்தார்கள். சர்க்கரை, மாவுச்சத்து எதையும் தொடாத விநோதப் பிராணி. ஓரிரு அமினோ அமிலங்களையும் டி.எச்.பி.யையும் தின்றே காலம் தள்ளுகிறது. நமக்கு விஷம், அதற்கு அன்றாடச் சாப்பாடு! 1992-ல் அதற்குப் பெயர் சூட்டினார்கள்: 'சினர்ஜிஸ்டெஸ் ஜோன்ஸியை'. ஆமாம், ரேமண்ட் ஜோன்ஸின் பெயர்தான். சிலருக்குச் சிலை வைப்பார்கள், சிலருக்குத் தெருவுக்குப் பெயர் வைப்பார்கள். ஜோன்ஸின் பெயர் மாட்டு வயிற்றுக்குள் வாழ்கிறது.

இதோடு சுபம் போட்டுவிடலாம் என்றால், சரித்திரம் அவ்வளவு சுலபமாக விடுவதில்லை.

மரபணுவை வைத்து ஆளை அடையாளம் காணும் வசதி வந்த பிறகு, பல நாட்டு ஆடுமாடுகளின் வயிற்றைத் துழாவிப் பார்த்தார்கள். பல இடங்களில் இதே ஜோன்ஸியை மிகச் சிறிய எண்ணிக்கையில், இருக்கிற இடம் தெரியாமல் இருந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம், இந்தோனேஷியாவின் திமோர் போன்ற பகுதிகளில் சவுண்டலை முழுத் தீவனமாகத் தின்று கொழுக்கும் மாடுகளைச் சோதித்தார்கள். சிறுநீரில் டி.எச்.பி. தாராளமாக இருந்தது, மாடுகளும் சௌக்கியமாக இருந்தன! எப்படி? கல்லீரல் அந்த விஷத்தோடு இன்னொரு பொருளைக் கோத்து, பல்லைப் பிடுங்கிய பாம்பாக வெளியே அனுப்புகிறது. அதனால், சவுண்டலுக்குப் பழகிய மாட்டுக்குப் பாக்டீரியா மருந்து கட்டாயமா என்ற விவாதம் இப்போது விஞ்ஞானிகளிடையே நடக்கிறது. பாக்டீரியா ஒரு கை, கல்லீரல் ஒரு கை. இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்றுதான்... பழகுவதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும்.

ஜோன்ஸ் எழுப்பிய கேள்வி மட்டும் சாகவில்லை. அதே ஆஸ்திரேலியாவில், வேறொரு மிருகத்தின் வடிவத்தில் திரும்பி வந்தது.

கோலா கரடியை (உண்மையில் கரடி இல்லை, கங்காரு மாதிரி பை வைத்த பிராணி) உங்களுக்குத் தெரியும். யூகலிப்டஸ் தழை மட்டுமே தின்னும். தைல வாசம் வீசும், விஷம் நிறைந்த தழை. பால் மறக்கும் பருவத்தில் குட்டி, தாயின் குடலிலிருந்து வரும் ஒருவகைக் கூழ் போன்ற கழிவை நக்கித் தின்கிறது. முகம் சுளிக்காதீர்கள். தழையைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவது அந்த வழியாகத்தான். யானைக் குட்டி தாயின் லத்தியைத் தின்பதும் இதே காரணத்துக்காகத்தான் என்கிறார்கள். நாம் பிள்ளைகளுக்கு வீடு, நகை எழுதிவைக்கிறோம். அவை ஜீரண சக்தியை எழுதிவைக்கின்றன.

2013-ல் விக்டோரியா மாநிலத்தின் ஓட்வே முனையில் கோலாக்கள் அளவுக்கு மீறிப் பெருகி, தங்களுக்குப் பிடித்த 'மன்னா கம்' என்ற யூகலிப்டஸ் மரங்களை மொட்டையடித்துவிட்டன. பக்கத்திலேயே 'மெஸ்மேட்' என்ற வேறு ரக யூகலிப்டஸ் மரங்கள் இலையோடு நின்றன. மற்ற கோலாக்கள் தின்கிற தழைதான் அது. ஆனால், மன்னா கம் தின்று பழகியவை அதைத் தொடவில்லை. எதிரே சாப்பாடு இருக்க, பெரும்பாலான கோலாக்கள் பட்டினியில் செத்தன.

மிஷேலா ப்ளைட்டன், பென் மூர் என்ற விஞ்ஞானிகளும் அவர்களுடைய குழுவும் இதை ஆராய்ந்தார்கள். மெஸ்மேட் தின்கிற கோலாக்களின் சாணத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்களை மாத்திரைக்குள் அடைத்து, மன்னா கம் கோலாக்களுக்குக் கொடுத்தார்கள். 2019-ல் முடிவு வெளியானது. எந்தக் கோலாவின் குடல் கூட்டம் அதிகம் மாறியதோ, அது மெஸ்மேட் தழையையும் அதிகம் தின்றது. ஹவாய் ஆட்டின் கதைதான், முப்பது வருடம் கழித்து!

மாட்டின் நோய்க்கு ஆரோக்கியமான மாட்டின் அசையை எடுத்துக் கொடுக்கும் வழக்கத்தை ஸ்வீடன் நாட்டில் 18-ம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பாக்டீரியா என்ற வார்த்தைகூட அவர்களுக்குத் தெரியாது. 'நல்ல மாட்டின் வாயில் இருப்பது கெட்ட மாட்டின் வயிற்றுக்கு நல்லது' என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. இன்றும் பெரிய கால்நடை மருத்துவமனைகளில், வயிற்றில் மூடியுள்ள துளை வைத்து வளர்க்கும் ஆரோக்கியமான மாட்டிலிருந்து சாறு எடுத்து, நோயாளி மாட்டுக்கு ஊற்றுகிறார்கள்.

ஒரு மரத்தை ஊர் மாற்றுகிறோம், ஒரு மாட்டைச் சந்தையில் வாங்கி ஊர் மாற்றுகிறோம், காட்டு மிருகத்தைப் பிடித்து வேறு காட்டில் விடுகிறோம். தண்ணீர் இருக்கிறதா, பச்சை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம். அந்தப் பச்சையைத் தின்னத் தெரிந்த ஆள் அதன் வயிற்றில் இருக்கிறானா, இல்லையென்றால் வந்து சேர அவனுக்கு எத்தனை நாள் ஆகும் என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு, மாலை போடுங்கள், கொம்புக்கு வண்ணம் அடியுங்கள், விழுந்து கும்பிடுங்கள். பொங்கலை மட்டும் ஒரு உருண்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது போதும்.